இசட் டிரைவ் காணாமல் போன ஆயுத பூஜை

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரச் சாலைக்கும் மணலுக்கும் நடுவில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் இறால் குஞ்சுப் பொரிப்பகம்; ஊர் வாயில் ‘ஆச்சரி’. கேட்டுக்குள் நுழைந்ததும் காதில் விழுவது அலைச் சத்தம் அல்ல, ப்ளோயரின் இரைச்சல். தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் அந்த இயந்திரத்தை நிறுத்துவதே இல்லை. மின்சாரம் போனால் ஜெனரேட்டர், அது மக்கர் செய்தால் இன்னொன்று. கண்ணிமை முடியை விடச் சின்னதான குஞ்சுகள் தொட்டிக்குள் புகைபோல் மிதந்துகொண்டிருக்கும். காற்று நின்றால் அவை வெகுநேரம் தாங்காது.

நான் அலுவலகப் பொறுப்பு. சம்பளம், குஞ்சு ஏற்றி அனுப்பும் ரசீதுகள், தண்ணீர்ப் பரிசோதனைத் தாள்கள், கம்ப்யூட்டர்கள் எல்லாம் என் கையில். செங்கல்பட்டில் வீடு. திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்து போகிறேன். கல்லூரி நாட்களிலிருந்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவேன், கருத்து எழுதமாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் வரிசையாக எழுதியது போதவில்லை. அதனால்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

ப்ளோயர், பம்ப், ஜெனரேட்டர் மூன்றையும் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் பக்கத்துக் குப்பத்துக்காரர். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். பைபர் படகில் தனக்கிருந்த பங்கைத் தம்பிக்கு விட்டுவிட்டு, கரை வேலையே போதும் என்று வந்தவர். இங்கே எல்லோரும் என்னை மேடம் என்றபோது, நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே ‘யக்கா’ என்று ஆரம்பித்தவர் அவர் ஒருவர்தான். மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே ஜன்னலில் தலை தெரியும். “இன்னாக்கா, இன்னிக்கும் கத்திரிக்காதானா? மாமாவுக்கு மார்க்கெட்ல வேற காய் எதுவும் கண்ணுல படாதா?” என்பார். வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னால் அவரும் சிரிப்பார், மறுநாளும் கத்திரிக்காயே வாங்கி வருவார்.

முன்பெல்லாம் கொட்டகைக்கு ஒருவர் நின்று தொட்டியில் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். முதலாளி சென்னையில் எங்கோ ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்து, அந்த ஆட்களை வேறு வேலைக்கு மாற்றிவிட்டுக் கருவிகள் வைத்தார். ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு தொட்டிக்குள் பேனா மாதிரி ஒரு கருவி தொங்கும். தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு என்று அது அளக்கும். அந்த எண் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பாகச் சேரும். என் அறையில் இருக்கும் சர்வர் அதை அங்கிருந்து எடுத்துப் பார்த்து, எண் குறைந்தால் ஆபரேட்டர், தண்ணீரைப் பரிசோதிக்கும் டெக்னீஷியன், நான் மூவருடைய போனையும் அடிக்க வேண்டும். கேட்டுப் பக்கத்தில் இருக்கும் சைரனும் அலறும்.

பரிசோதனைக் கூடத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும் அந்த இடம் சர்வரில் ‘இசட் டிரைவ்’ என்ற பெயரில் தெரியும்படி செய்திருந்தார் கேளம்பாக்கத்திலிருந்து வந்த என்ஜினீயர். எல்லாம் பொருத்தி முடித்ததும் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். இந்தத் திரையில் லாக் ஆஃப் மட்டும் செய்யக் கூடாது, செய்தால் அலாரம் அடிக்காது என்றார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ‘லாக் ஆஃப் செய்யாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதித் திரையின் மேல்விளிம்பில் ஒட்டினேன். அன்றிலிருந்து அந்த மேசை பக்கம் போகவே எல்லோருக்கும் ஒரு பயம். ஆபரேட்டர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். “அம்மன் மாதிரிக்கா இது. தொடாத வரைக்கும் சாந்தமா கீது” என்பார்.

தொல்லை எங்கே வந்தது என்றால், சர்வருக்கான யுபிஎஸ் பழசு. மின்சாரம் போய் வந்தால் சர்வர் தானாக எழும், ஆனால் யாராவது கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்தால்தான் அலாரம் வேலை செய்யும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இருக்கமாட்டேன். அதனால் முதலாளியின் சம்மதத்தோடு ஆபரேட்டருக்கும் கடவுச்சொல்லைச் சொல்லி, உள்ளே நுழைவதையும் வெளியே வருவதையும் காட்டிக் கொடுத்திருந்தேன். இப்படி ஆளைச் சார்ந்து ஓடும் ஒன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது என்று என்ஜினீயருக்குப் பலமுறை போன் செய்தேன். ஆயுத பூஜைக்குச் சில வாரங்கள் முன்பு அவர் மறுபடி வந்தார்.

மதியம் முழுக்க உட்கார்ந்து ஏதேதோ செய்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டுத் திரையில் ஒரு நீளப் பட்டியலைக் காட்டினார். அதில் எங்கள் அலாரத்தின் பெயர் இருந்தது, பக்கத்தில் பச்சைப் புள்ளி. இனி இது பின்னணியில் ஓடும் சேவை, யாரும் உள்ளே நுழைந்திருக்க வேண்டியதில்லை என்றார். என் கண் முன்னாலேயே லாக் ஆஃப் செய்தார். தன் லேப்டாப்பில் பார்த்தால் பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது. ஒட்டியிருந்த தாளை அவரே உரித்து, மடித்து, என் கையில் கொடுத்தார்.

“இனிமே லாக் ஆஃப் பண்ணாலும் பிரச்சனை இல்ல மேடம். பின்னாடி அது பாட்டுக்கு ஓடும்.”

டீ டம்ளரோடு வாசலில் நின்றிருந்த ஆபரேட்டர், “அப்போ சாமி மலையேறிடுச்சா?” என்று கேட்டார். என்ஜினீயர் சிரித்தார். பிறகு இன்னொரு முறை உள்ளே நுழைந்து எதையோ சரிபார்த்துவிட்டு, மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வேலை பாக்கி இருக்கிறது என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது லாக் ஆஃப் செய்யவில்லை. நடுவில் மின்சாரமும் போகாததால், திரை திறந்தபடியே பூஜை நாள் வரை இருந்தது.

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அன்று முழுவதும் தொடாமல் விட்டுவிடுவார்கள். தச்சர் உளியைத் தொடமாட்டார், ஷேர் ஆட்டோக்காரர் கூட மாலை போட்ட வண்டியை அன்று சாயங்காலம் எடுக்கமாட்டார். பொரிப்பகத்தில் அது நடக்காது. ஓடும் ப்ளோயருக்குத்தான் பொட்டு. சூட்டில் சந்தனம் உடனே காய்ந்து உதிர்ந்துவிடும். ஆபரேட்டருக்கு இது ஒவ்வொரு வருஷமும் மனசைக் குடையும். கற்பூரத்தைக் காட்டிவிட்டு ப்ளோயர் பக்கம் குனிந்து, “மன்னிச்சிக்கோ, உனுக்கு மட்டும் லீவு இல்ல” என்று அவர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த வருஷமும் கேட்டில் பூசணிக்காய் உடைத்தோம். பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு நான் வழக்கத்தை விடச் சீக்கிரம் பேருந்து ஏறினேன். மறுநாள் விஜயதசமி, அலுவலகம் கிடையாது. டெக்னீஷியன் தசராவுக்கு ஆந்திராவில் அவர் ஊருக்குப் போயிருந்தார். ஆபரேட்டரும் இரண்டு தொழிலாளர்களும் மட்டும் வேலையில்.

விஜயதசமியன்று மதியச் சமையலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது ஆபரேட்டர். முதலில் வெறும் மூச்சு. பிறகு, “யக்கா, போன் அடிக்கலக்கா” என்றார். எந்த போன், எங்கே, என்ன ஆயிற்று என்று எதைக் கேட்டாலும் அதே வாக்கியம்தான். “போன் அடிக்கவே இல்லக்கா.”

அரிசியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். பேருந்தில் வரும் வழியில் அந்த இரண்டு தொழிலாளர்களில் ஒருவர் போனில் விவரம் சொன்னார். காலையில் கடல் தண்ணீர் இழுக்கும் குழாயில் மணல் அடைத்துக்கொண்டது. மூன்று பேரும் கடற்கரையில் குழாயைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். போனை ஆபரேட்டர் பாலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வேலை முடிந்து திரும்பினால், இரண்டாவது கொட்டகைக்குப் போகும் காற்றுக் குழாயின் இணைப்பு கழன்று கிடந்தது. ப்ளோயர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. காற்று வெளியே போய்க்கொண்டிருந்தது.

நான் போய்ப் பார்த்தபோது இரண்டாவது கொட்டகையின் தொட்டிகள் கண்ணாடி போல அசையாமல் இருந்தன. குஞ்சுகள் அடியில் நொய் போல வெளுத்துப் படிந்திருந்தன. குழாயை மறுபடி மாட்டிக் காற்று விட்டிருந்தார்கள், பிறகு அதையும் மூடிவிட்டார்கள். குமிழி வந்தால் செத்தவை எழும்பிச் சுற்றுகின்றன, உயிரோடு இருப்பது போலத் தெரிகிறது, பார்க்க முடியவில்லை என்று போனில் பேசிய தொழிலாளர் சொன்னார். ஆபரேட்டர் கையில் ஹோஸ் வைத்துக்கொண்டு ஒரு தொட்டியின் அடியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை.

அதற்குள் சென்னையிலிருந்து முதலாளி போன் செய்தார். என் அறையில் ஒரு கேமரா உண்டு. அதை அவர் தன் போனிலேயே பார்த்திருக்கிறார். முந்தைய நாள் மாலை ஆபரேட்டர் உள்ளே வருகிறார், சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறார், கும்பிடுகிறார், மவுஸைப் பிடித்து ஏதோ செய்கிறார், திரை மாறுகிறது. முதலாளிக்கு அது போதுமாக இருந்தது. யாராவது சொல்லிக் கொடுத்துச் செய்தானா என்றும் பார்க்க வேண்டும் என்றார். பக்கத்துப் பொரிப்பகத்துக்காரர்கள் மேல் அவருக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. நாளை வருகிறேன், அதுவரைக்கும் அவன் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்.

இதை ஆபரேட்டரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஹோஸைக் கீழே வைத்தார்.

“பூஜ அன்னிக்கு இந்த ஆச்சரில எதுக்குமே ரெஸ்ட் கெடியாது. இதுக்காவது ஒரு நாள் குடுக்கலாம்னுதான் மூடி வெச்சேன். அவுருதான சொன்னாரு, மூடலாம்னு. நீங்களும் இருந்தீங்களேக்கா.”

இருந்தேன் என்றேன். அவர் கேட்டுக்கு வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகவில்லை.

அவர் போகாததன் காரணம் எனக்குப் புரிந்தது. இந்தக் கரையில் பொரிப்பகங்கள் ஒன்றையொட்டி ஒன்றாக இருக்கின்றன. ஒருவரைப் பற்றி ஓரிடத்தில் சொல்வது சாயங்காலத்துக்குள் எல்லாக் கேட்டுக்கும் போய்விடும். குஞ்சைச் சாகடித்தவன் என்று பேர் வாங்கியவரை வேறு எவரும் உள்ளே சேர்க்கமாட்டார்கள். படகில் அவருக்குப் பங்கும் இல்லை. தம்பியிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

எனக்கு இருந்த நம்பிக்கை ஒன்றுதான். அவர் லாக் ஆஃப் செய்ததற்கும் அலாரம் அடிக்காததற்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டிவிடலாம் என்பது. என்ஜினீயர்தான் கண்ணால் பார்க்கக் காட்டினாரே. கருவி பழுதாகியிருக்கும், வயர் அறுந்திருக்கும், போன் கம்பெனியில் கோளாறாக இருக்கும். இப்படி நினைத்துக்கொண்டுதான் சர்வர் முன்னால் உட்கார்ந்தேன்.

திரையில் கடவுச்சொல் கேட்கும் பக்கம். அதன் நடுவில் காய்ந்த சந்தனம். அலாரம் தன் கணக்கை என் மேசைக் கம்ப்யூட்டருக்கும் அனுப்பும், ஆகவே முதலில் அதைத் திறந்தேன். பச்சைப் புள்ளி இருந்தது. சேவை ஒரு நொடி கூட நிற்கவில்லை. எண்களைப் பார்த்தேன். இரண்டாவது கொட்டகை, ஐந்து புள்ளி எட்டு. அதற்கு முந்தைய வரி, ஐந்து புள்ளி எட்டு. மேலே மேலே போனேன். பூஜை மாலையிலிருந்து எல்லா வரியிலும் ஐந்து புள்ளி எட்டு. மற்றக் கொட்டகைகளிலும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அது அசையவே இல்லை. உயிருள்ள தண்ணீரில் கடைசி இலக்கமாவது ஆடிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கைத் தினமும் பார்க்கிறவள் நான், எனக்கு அது தெரியும். அலாரம் முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரே பழைய எண்ணை எடுத்து எடுத்துப் பார்த்து, நல்லது, நல்லது என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு சர்வரில் கடவுச்சொல்லைப் போட்டேன். திரை திறந்தது. ஓரத்தில் சின்னக் கறுப்புச் சன்னல் ஒன்று தானாகத் திறந்து மூடியது. இசட் டிரைவ் வந்தது. என் மேசையில் ஐந்து புள்ளி எட்டு மறைந்து, ஒன்றுக்கும் கீழே ஒரு எண் வந்தது.

உடனே என் கைப்பையில் போன் அடித்தது. கேட்டில் சைரன் அலறியது.

ஆபரேட்டர் புளியமரத்தடியிலிருந்து எழுந்து ஓடி வந்தார். கேட்டுக்குள் வரக் கூடாது என்று சொன்னதெல்லாம் அவருக்கு நினைவில்லை. இரண்டாவது கொட்டகை வரைக்கும் ஓடி, வாசலில் நின்று, உள்ளே பார்த்துவிட்டு, அங்கேயே குந்தினார். அவர் சட்டைப்பையில் இருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் சைரனை நிறுத்தினேன். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். அவர் மேல் தப்பில்லை என்று நிரூபிக்கப் போனவள், அவர் கைதான் காரணம் என்று நிரூபித்துவிட்டேன்.

என்ஜினீயரைப் போனில் பிடித்தபோது முதலில் அவர், சேவை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது மேடம், பச்சையாகத்தானே காட்டுகிறது என்றார். ஓடுகிறது, ஆனால் அதற்கு எண்ணைக் கொண்டுவந்து கொடுப்பது யார் என்று கேட்டேன். பிறகு மெல்லச் சொன்னார். நான் புரிந்துகொண்ட வகையில் எழுதுகிறேன்.

வேலை இரண்டு. ஒன்று இசட் டிரைவிலிருந்து எண்ணை எடுத்து வந்து சர்வருக்குள் வைப்பது. மற்றது வைத்த எண்ணைப் பார்த்து அலாரம் அடிப்பது. இரண்டையும் பின்னணிக்கு மாற்றத்தான் அவர் முயன்றிருக்கிறார். ஆனால் இசட் டிரைவ் என்பது சர்வருக்குச் சொந்தமான ஒன்று அல்ல. கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்தவருக்காக மட்டும் சுவரில் திறக்கும் ஒரு கதவு அது. அவர் வெளியே போனால் கதவும் போய்விடும். பின்னணியில் வேலை செய்யும் சேவைகளுக்கு அந்த இடம் எப்போதும் வெறும் சுவர்தான். எடுத்து வரும் வேலையைப் பின்னணியில் போட்டதும் இசட் டிரைவ் இல்லை என்று பிழை வந்திருக்கிறது. மாமல்லபுரத்து ஓட்டலில் அவரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். பார்க்கும் வேலையை மட்டும் பின்னணியில் விட்டுவிட்டு, எடுத்து வரும் வேலையைப் பழையபடி உள்ளே நுழைபவரோடு கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிறகு வந்து சரிசெய்யலாம் என்று நினைத்தாராம்.

“லாக் ஆஃப் பண்ணாலும் ஓடும்னு சொன்னீங்களே” என்றேன்.

“அலாரம் ஓடும்னு சொன்னேன் மேடம்” என்றார்.

மறுநாள் முதலாளி, என்ஜினீயர் இருவருமே வந்தார்கள். முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்தார், நான் நின்றேன். எண்கள், என்ஜினீயர் உரித்துக் கொடுத்த தாள், அவர் சொன்னது, யார் யார் அப்போது அறையில் இருந்தோம் என்பது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஆபரேட்டருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, அவரிடம் சொல்லப்பட்டபடிதான் செய்தார் என்றேன். மின்சாரம் போய் வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றேன். என்ஜினீயர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவர் மோசமான மனிதர் அல்ல. முந்தின நாள் கத்தியது போலக் கத்தவும் இல்லை.

“அதெல்லாம் சரி. அவன் அன்னிக்கு கை வெக்கலைன்னா குஞ்சு பொழைச்சிருக்குமா? அத மட்டும் சொல்லுங்க.”

அந்தக் கேள்வியைச் சுற்றிப் பேச வார்த்தைகள் இருந்தன. யோசித்துப் பார்த்தால் இன்றும் சில தோன்றுகின்றன. அன்று யோசிக்கவில்லை. மின்சாரம் அன்று போகவில்லை. திரை திறந்திருந்தால் எண் வந்திருக்கும், போன் அடித்திருக்கும், கடற்கரையிலிருந்து ஓடி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

“பொழைச்சிருக்கும் சார்” என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ அசைந்தது. டிபன் பாக்ஸ் திறக்கும்போது அந்தத் தலை வருமே, அதே இடம். கேட்டில் இருப்பார் என்று நான் நினைத்த ஆபரேட்டர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி எழுந்தார். இப்போது சரிசெய்யட்டும், என் கண் முன்னால் சோதித்துக் காட்டட்டும், அதற்கப்புறம் இவனைப் பற்றிப் பேசலாம் என்றார். என்ஜினீயர் உட்கார்ந்தார். இந்த முறை இசட் என்ற எழுத்தையே எடுத்துவிட்டார். பரிசோதனைக் கூடத்துக் கம்ப்யூட்டரின் முழு முகவரியை எழுதி, எடுத்து வரும் வேலைக்கென்றே தனியாக ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, அதையும் பின்னணிக்கு மாற்றினார். இனி யாரும் உள்ளே நுழைந்து கதவு திறக்க வேண்டியதில்லை, அதற்கே சொந்தச் சாவி இருக்கிறது என்றார். நான் ஒன்று கேட்டேன். எண் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாலும் அலாரம் அடிக்க வேண்டும் என்று. அதையும் சேர்த்தார்.

சோதிக்கக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் வேண்டும். கொதித்த தண்ணீரில் பிராணவாயு இருக்காது. கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் டெக்னீஷியன் வழக்கமாகச் செய்வது அது. தேநீர் போடும் இடத்தில் குண்டானில் வைத்து, மூடி போட்டு, ஆறவைத்து ஆபரேட்டர்தான் கொண்டு வந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. சர்வரை அணைத்து மறுபடி போட்டோம். கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்தது. யாரும் உள்ளே நுழையவில்லை. முதல் கொட்டகையின் கருவியைத் தூக்கிக் குண்டானுக்குள் விடும்படி முதலாளி ஆபரேட்டரிடம் சொன்னார். அவர் தயங்கினார்.

“என் கையால வேணாம் சார்.”

ஒரு தொழிலாளர் விட்டார். நாங்கள் எல்லோரும் வெயிலில் நின்று சைரனைப் பார்த்தோம். சைரன் பேசாமல் இருந்தது. என் போன், ஆபரேட்டர் போன், எதுவும் அடிக்கவில்லை. என்ஜினீயர் லேப்டாப்பைத் தட்டினார், மறுபடி தட்டினார். அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. ஆபரேட்டர் முதலாளியைப் பார்க்காமல் கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் தெரிய நேரமானது. சர்வர் எழும்போது அந்தச் சேவை நெட்வொர்க் வருவதற்கு முன்பே எழுந்துவிடுகிறதாம். பரிசோதனைக் கூடத்துக் கம்ப்யூட்டரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, அதோடு விட்டுவிடுகிறது. எண் எங்கிருந்தும் வராததால், எண் அசைகிறதா என்று பார்க்கும் வேலையும் தொடங்கவில்லை. காத்திருந்து திரும்பத் திரும்பத் தேடும்படியும், எண்ணே வராவிட்டாலும் அடிக்கும்படியும் மாற்றினார். மறுபடி அணைத்தோம், போட்டோம், யாரும் உள்ளே நுழையவில்லை. கருவி குண்டானுக்குள் போனது.

சைரன் அலறியது. மூன்று போன்களும் ஒன்றாக அடித்தன, ஆந்திராவில் டெக்னீஷியனுடையதும் அடித்திருக்கிறது, அவர் பதறிப்போய் உடனே என்னைக் கூப்பிட்டார். ஆபரேட்டர் எழுந்து போய், வேறு எதையும் செய்யும் முன், கருவியைக் குண்டானிலிருந்து எடுத்துத் தொட்டிக்குள் விட்டார்.

முதலாளி என்ஜினீயரைப் பார்த்து, “இது தெரிஞ்ச உனக்கே ரெண்டு வாட்டி ஆச்சு” என்றார். காரில் ஏறும்போதுதான் என்னைக் கூப்பிட்டார். அவன் வேலையில் இருக்கட்டும், வெளியே யார் கேட்டாலும் குழாய் கழன்றது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். ஆனால் சர்வர் இருக்கும் அறைக்குள் அவன் இனி வரக் கூடாது, கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள், உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

எழுதி ஒட்டினேன். பெயர் போடவில்லை, ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்று பொதுவாகத்தான் எழுதினேன். பொரிப்பகத்தில் அது யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலை கிளம்பும் முன் ஆபரேட்டரைத் தேடிப் போய், வேலை போகவில்லை என்று சொன்னேன். ப்ளோயருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். முதலாளி நல்லவர், பயப்படாதீர்கள் என்றெல்லாம் ஏதோ சொன்னேன். ஜன்னலில் கேட்டதைப் பற்றி நானாக எதுவும் பேசவில்லை. அவர்தான் ஆரம்பித்தார்.

“உண்மதான சொன்னீங்க” என்றார். கையைத் துணியில் துடைத்தார். “அந்தாளு கேட்டதுக்கு அதான பதிலு. பரவால்ல மேடம்.”

ப்ளோயர் இரைச்சலில் முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. பேருந்தில் வரும்போது, திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு, அவர் மேடம் என்றது காதில் விழுந்தது. பழக்க தோஷத்தில் மறுநாள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மரியாதைக்குக் குறைவே இல்லை. குழாய் மாற்றினால் வந்து சொல்கிறார், டீசல் தீர்ந்தால் சொல்கிறார். மதியம் ஜன்னலில் தலை தெரிவதில்லை. என் டிபன் பாக்ஸில் என்ன காய் என்பதில் இப்போது யாருக்கும் அக்கறை இல்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிழைத்திருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டார். அப்படிச் சொல்லியிருந்தால், முதலாளி எண்களைத் தானே பார்த்திருப்பார், அதன்பிறகு நான் சொன்ன மற்ற எதையும் நம்பியிருக்கமாட்டார், ஆபரேட்டரின் வேலையும் போயிருக்கும் என்றேன். சரிதான் என்றார். சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பதில் சொல்வதற்கு முன் நான் கொஞ்சம் தயங்கியாவது இருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்கு அந்தத் தயக்கமாவது கேட்டிருக்கும்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கும் பூசணிக்காய் உடைத்தோம். ப்ளோயருக்கும் பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த ஆபரேட்டர், என் அறை வாசலில் நிற்காமல் சுற்றி வந்து ஜன்னல் பக்கம் நின்றார். கம்பிகளுக்கு நடுவில் குங்குமத் தட்டைச் சாய்த்து நீட்டினார். வாங்கி, சர்வரின் பக்கவாட்டில் நானே பொட்டு வைத்தேன். உள்ளே வந்து வையுங்கள், ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேனே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் போகவில்லை. என் தோளுக்குப் பின்னால் மேசைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவர் கண்ணுக்கு எண் எட்டாது.

“நெம்பரு ஆடுதா மேடம்?”

திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது கொட்டகை, ஐந்து புள்ளி ஒன்பது. காத்திருந்தேன். ஐந்து புள்ளி ஏழு ஆயிற்று.

“ஆடுது” என்றேன்.

இன்னொரு முறை மாறியது என்று நான் சொல்லும் வரைக்கும் நின்றுவிட்டுப் போனார்.